வீல் நட்டை எவ்வளவு இறுக்குவது? டார்க் ரெஞ்ச் சந்தேகம்

சீட்பெல்ட்:
பழைய ஐ10 வைத்திருக்கிறேன். பிரேக் பேடை இனி நானே மாற்றிக்கொள்ளலாம் என்று டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிட்டேன், வைத்த அளவுக்கு இறுகியதும் கிளிக் சத்தம் போடும் வகை, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை. ஆனால் புத்தகத்தில் வீல் நட்டுக்கு 9–11 கே.ஜி.எஃப்.எம் (கிலோகிராம் விசை மீட்டர்) என்று போட்டிருக்கிறது. எப்படி மாற்றுவது? ஸ்டட்டில், அதாவது நட்டு ஏறும் போல்ட்டில், லேசாகத் துரு, கொஞ்சம் எண்ணெய் தடவிப் போடலாமா? டயர் கடையில் யாரும் எண்ணெல்லாம் பார்ப்பதில்லை, ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்து, நாம் மட்டும் ஏன் மெனக்கெட வேண்டும் என்றும் தோன்றுகிறது.

லேத்துப்பட்டறை:
9.8ஆல் பெருக்குங்கள் சார். 88 முதல் 108 வரும், 98இல் வையுங்கள், முடிந்தது.

ஏன் மெனக்கெட வேண்டும் என்றால், 10 கே.ஜி.எஃப்.எம் என்பது அரை மீட்டர் கம்பியின் நுனியில் வெறும் 20 கிலோ. வண்டியோடு வரும் ஸ்பேனர் ஒரு 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள், 70 கிலோ ஆள் அதன்மேல் ஏறி நின்றால் 21 ஆகிவிடும், அதாவது இரண்டு மடங்கு. இப்படி ஏறி மிதித்து இறுக்கிவிட்டு, நடுரோட்டில் பஞ்சர் ஆனால் கழற்ற முடியாமல் நிற்பார்கள்.

எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். நமக்கு வேண்டியது போல்ட் லேசாக நீண்டு வீலை இழுத்துப் பிடிப்பது, ஆனால் நீங்கள் கொடுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அதற்குப் போகிறது, மிச்சமெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்விலேயே போய்விடும். புத்தகத்தில் உள்ள எண் காய்ந்த மரைக்கான கணக்கு. எண்ணெய் பட்டால் உராய்வு குறையும், ரெஞ்ச் அதே 98இல்தான் கிளிக் அடிக்கும், உள்ளே ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். வயர் பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்துத் துடைத்தால் போதும்.

ராத்திரி_கேரேஜ்:
அண்ணன் சொன்னது சரி. நட்டுகளை எதிரெதிராகக் கையால் ஓட்டிவிட்டு, ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பட்ட பிறகு ரெஞ்சைப் போடுங்கள். ஒரு கிளிக் போதும், ஆசைக்கு இன்னொரு கிளிக் எல்லாம் வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள். அந்த ரெஞ்சால் நட்டைக் கழற்றாதீர்கள், வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வையுங்கள்.

சீட்பெல்ட்:
நன்றி. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் போல்ட்டுக்கும் இதே ரெஞ்ச்தானே? அப்புறம், எஞ்சின் ஹெட் போல்ட்டுக்கு மட்டும் எண்ணோடு 90 டிகிரி என்றும் போடுகிறார்களே, அது என்ன?

லேத்துப்பட்டறை:
முதலில் அந்த எண் வரை இறுக்கி, அங்கிருந்து கால் சுற்று. மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரிந்ததுதானே, எவ்வளவு திருப்பினால் போல்ட் எவ்வளவு நீளும் என்று சொல்லிவிடலாம், உராய்வு குறுக்கே வராது. அந்த போல்ட்டுகளில் பல நிரந்தரமாகவே நீண்டுவிடும், புத்தகம் புதுசு போடச் சொன்னால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

கேலிப்பர் கைடு போல்ட்டுக்கு இந்த ரெஞ்ச் ஆகாது. அது 22–32 நியூட்டன் மீட்டர்தான், உங்களுடையது 40இல் தான் ஆரம்பிக்கிறது. கிளிக் வரட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தால் மரை போய்விடும். சின்ன ரெஞ்ச் ஒன்று தனியாக வாங்கிவிட்டு பேடில் கை வையுங்கள்.