லோகோ வந்ததும் ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை

செட்டிநாட்டுக்காரன்

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் மூன்று வாரமாக உயிரை எடுக்கிறது. காலையில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், ஒரு பீப் வரும், கறுப்புத் திரையில் நாலு வரி ஏதோ வந்து எஃப்1 அல்லது எஃப்2 அழுத்தச் சொல்லும். எஃப்2 அழுத்தினால் மேலே போகும். விண்டோஸ் லோகோ வரும், கீழே புள்ளிகள் இரண்டு சுற்றுச் சுற்றும், கண் சிமிட்டும் நேரத்துக்கு நீலமாக ஏதோ தெரியும், உடனே ரீஸ்டார்ட். திரும்ப அதே லோகோ, அதே புள்ளிகள். விட்டால் நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருக்கும்.

2012-ல் அசெம்பிள் செய்தது. இரண்டாம் தலைமுறை ஐ3, எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ராம். 2021-ல் தெரிந்த பையன் ஒருவன் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தான், அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பத்தே நிமிஷம். "ஒண்ணுமில்ல சார், செட்டிங் மாறியிருந்துச்சு" என்று சொல்லி, பாட்டெல்லாம் போட்டுக் காட்டி, 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி கொண்டு போனேன், அங்கே மறுபடி ஓடியது. "உங்க வீட்டுக் கரண்ட்லதான் கோளாறு" என்கிறார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்து வரைக்கும் பார்த்தாகிவிட்டது, 228 வோல்ட் காட்டுகிறது, குறை ஒன்றும் இல்லை என்கிறார்.

யூபிஎஸ் பேட்டரி போய்விட்டதால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகச் சுவரில்தான் சொருகியிருக்கிறோம். அதுவும் மூன்று வாரத்துக்கு முன்புதான். அதனால் வோல்டேஜ்தான் காரணமோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

சில சமயம் ஆட்டோமேட்டிக் ரிப்பேர் என்று ஒரு நீலத் திரை வந்து, சரி செய்ய முடியவில்லை என்று கையை விரிக்கிறது. அதில் ரீசெட் என்றும் ஒன்று இருக்கிறது, தொடப் பயமாக இருக்கிறது. மகளின் காலேஜ் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கிறது, வேறெங்கும் காப்பி இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

கீபோர்டு மாமா

இதற்கு மேல் இதில் காசு போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டே 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, இந்த ஐ3-யில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஒரு ஃபார்மட் அடித்துப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் புதிதாக வாங்கிவிடுங்கள்.

ரப்பர் வைத்தியன்

மாமா, அவர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் உள்ளே இருக்கிறது என்கிறார், நீங்கள் ஃபார்மட் என்கிறீர்கள்!

சார், முதலில் ராமைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பட்டையை பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வண்டியில் கொண்டு போய் வரும்போது லூஸாகியிருக்கலாம். எங்கள் வீட்டில் பாதி வியாதி இந்த ரப்பரிலேயே தீர்ந்திருக்கிறது. அப்படியும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினட்டுக்குள் கரண்ட்டை மாற்றித் தருகிற பெட்டி. மீட்டர் இருந்தால் மஞ்சள் ஒயரில் பாருங்கள், 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

செட்டிநாட்டுக்காரன்

ரப்பர் போட்டேன், ராமை மாற்றி மாற்றியும் போட்டேன், அதேதான். கெப்பாசிட்டர் எல்லாம் தட்டையாகவே இருக்கிறது. மஞ்சள் ஒயரில் 12.1 காட்டுகிறது என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்னார். உள்ளே கிடந்த தூசியைத் துடைத்ததில் எனக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

பழைய போர்டு

எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிற மாதிரி தெரிகிறது. மூன்று கேள்விகள்.

அந்தக் கறுப்புத் திரையில் என்ன எழுதியிருக்கிறது? எஃப்2 அழுத்தாமல் அப்படியே விட்டு ஃபோட்டோ எடுங்கள்.

எஃப்1 அழுத்தி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் எழுகிற, போர்டின் சொந்த மென்பொருள்) உள்ளே போனால் தேதி என்ன காட்டுகிறது?

இரவில் சுவர் சுவிட்சை அணைக்கிறீர்களா? யூபிஎஸ் இருந்த காலத்தில் அணைப்பீர்களா?

அப்புறம், பயாஸ் திரைக்குப் போனதும் அதை அப்படியே அரை மணி நேரம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். கரண்ட் அல்லது சூடுதான் பிரச்சினை என்றால் பெரும்பாலும் அங்கேயும் தானாக அணையும், ரீஸ்டார்ட் ஆகும். அங்கே கல்லு மாதிரி நின்றுவிட்டு லோகோவில் மட்டும் விழுகிறது என்றால் கதை வேறு.

கடைசியாக, அந்த நீலத் திரையை நிற்க வைத்துப் படிக்க வேண்டும். விண்டோஸ் விழுந்ததும் தானாக ரீஸ்டார்ட் செய்யச் சொல்லித்தான் அதற்கு ஏற்கெனவே செட்டிங் இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு ஒரு கண் சிமிட்டு மட்டும் தெரிகிறது. ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரை வரும்போது அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். ஒரு பட்டியல் வரும், அதில் 9 அழுத்துங்கள். இந்தத் தடவை விழுந்தால் நீலத் திரை அப்படியே நிற்கும். வழியில் ரீசெட் என்று ஒன்று வரும், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

செட்டிநாட்டுக்காரன்

எல்லாம் செய்தேன். சிமாஸ் செக்சம் எர்ரர் என்று முதல் வரி, தேதி நேரம் செட் செய்யவில்லை என்று அடுத்த வரி. அதற்குக் கீழே எஃப்1 அழுத்தினால் செட்டப், எஃப்2 அழுத்தினால் டிஃபால்ட் போட்டுக்கொண்டு மேலே போகும் என்று இருக்கிறது. படிக்காமலே தினமும் எஃப்2 அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பயாஸில் தேதி 2012 ஜனவரி 1. முக்கால் மணி நேரம் விட்டேன், அசையவில்லை.

யூபிஎஸ் இருந்தபோது அதை அணைத்ததே இல்லை, வருஷக்கணக்கில் ஆனிலேயே கிடந்தது. இப்போது இரவு பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா ஒரு சுற்றுச் சுற்றி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். கரண்ட் பில்லை நினைத்தால் தப்பு சொல்லவும் முடியாது.

9 அழுத்தியதும் நீலத் திரை நின்றது. கீழே ஸ்டாப் கோட் என்று போட்டு இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ் என்று இருக்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா? ப்ராஜெக்ட் ரிப்போர்ட்?

பழைய போர்டு

எஸ்எஸ்டி பத்திரமாக இருக்கிறது, ரிப்போர்ட்டும் அதில் பத்திரமாக இருக்கும், மகளிடம் சொல்லிவிடுங்கள். போனது போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரி மட்டும்தான்.

பயாஸ் செட்டிங்கும் தேதியும் நேரமும் போர்டில் சிமாஸ் என்கிற ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கும், கரண்ட் இல்லாத நேரத்தில் அதைக் காப்பாற்றுவது அந்தப் பேட்டரி. ஆனால் சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும் வரை, கம்ப்யூட்டரை ஷட்டௌன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், பேட்டரிக்கு வேலையே இருக்காது. உங்கள் பேட்டரி எப்போதோ செத்திருக்கும், யூபிஎஸ் அதை மறைத்துக்கொண்டிருந்தது. யூபிஎஸ்ஸை எடுத்த முதல் இரவே விஷயம் வெளியே வந்துவிட்டது. நீங்கள் வோல்டேஜ் மேல் சந்தேகப்பட்டதும் கடைக்காரர் வீட்டுக் கரண்ட்டைத் திட்டியதும் அதனால்தான், பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

சரி, தேதி போனால் போகட்டும், விண்டோஸ் ஏன் விழ வேண்டும்? பயாஸில் சாட்டா மோடு என்று ஒன்று உண்டு, போர்டு டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்கிற செட்டிங். ஐடிஇ என்றும் ஏஹெச்சிஐ என்றும் இரண்டு விதம். அந்தக் காலத்துப் போர்டுகளில் பலவற்றுக்கு ஐடிஇ-தான் டிஃபால்ட். 2021-ல் எஸ்எஸ்டி போட்ட பையன் விவரமானவன், ஏஹெச்சிஐ-க்கு மாற்றிவிட்டுத்தான் விண்டோஸ் ஏற்றியிருப்பான். விண்டோஸும் அதற்கான டிரைவரை (டிஸ்க்கோடு பேசுகிற மென்பொருளை) மட்டும் ஆரம்பத்திலேயே எழுப்புகிற மாதிரி வைத்துக்கொண்டிருக்கும். இப்போது தினமும் காலையில் போர்டு பழைய ஐடிஇ-க்குப் போய்விடுகிறது. விண்டோஸ் தன் டிஸ்க்கைத் தேடுகிறது, தெரிந்த பாதையில் காணவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு ரீஸ்டார்ட் ஆகிறது.

கடையில் ஓடியதும் இதனால்தான். அவர் ஏஹெச்சிஐ-க்கு மாற்றியிருப்பார், ஓடியிருக்கும். ஒயரைப் பிடுங்கி வண்டியில் வைத்ததும் அந்த செட்டிங் காற்றோடு போயிற்று.

செய்ய வேண்டியது: வாட்ச் கடையிலோ எலக்ட்ரிக் கடையிலோ சிஆர்2032 என்று கேளுங்கள், நல்ல கம்பெனியாக வாங்கினாலும் ஐம்பது ரூபாய்க்கு முன்னே பின்னே இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 தடிமன், எண்ணே அதைத்தான் சொல்கிறது. சிஆர்2025 என்று மெல்லியதாக ஒன்றைக் கொடுத்து "இதுவும் அதே 3 வோல்ட்தான்" என்பார்கள், வாங்காதீர்கள், ஹோல்டரில் லூஸாக நிற்கும். ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஹோல்டர் ஓரத்தில் இருக்கும் சின்னக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பழையது எகிறி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரிய வையுங்கள். பிறகு எஃப்1, தேதி நேரம், சாட்டா மோடு ஏஹெச்சிஐ, எஃப்10 அழுத்திச் சேவ். பழைய பேட்டரியைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் போட்டுவிடாதீர்கள், விழுங்கினால் தொண்டையை அரித்து ஓட்டை போட்டுவிடும்.

ரப்பர் வைத்தியன்

ஒரு சந்தேகம். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் லோகோ எப்படி வருகிறது? அதுவும் அந்த டிஸ்க்கிலிருந்துதானே வர வேண்டும்?

பழைய போர்டு

நல்ல கேள்வி. லோகோ வரை விண்டோஸ் தன் காலில் நிற்கவில்லை, பயாஸ் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. டிஸ்க்கைப் படித்துத் தருவது பயாஸ்தான், அதற்கு ஐடிஇ-யும் ஒன்றுதான், ஏஹெச்சிஐ-யும் ஒன்றுதான். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்ததும் "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பயாஸ் கையை விட்டுவிட்டுத் தன் டிரைவரால் டிஸ்க்கைத் தேடும். அங்கேதான் விழுகிறது. புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றியதும் என்று அவர் எழுதியிருக்கிறார் பாருங்கள், அதே இடம். டிஸ்க்கே கையில் இல்லாததால் என்ன நடந்தது என்று லாக் எழுதிவைக்கவும் இடமில்லை, அதனால் பிறகு ஈவன்ட் வியூவரில் போய்த் தேடினாலும் தடயம் கிடைக்காது.

ஏஹெச்சிஐ-யில் ஏற்றிய விண்டோஸை ஐடிஇ-க்கு மாற்றினாலும் இதே கதி, ஐடிஇ-யில் ஏற்றியதை ஏஹெச்சிஐ-க்கு மாற்றினாலும் இதே கதி. எஸ்எஸ்டி வேகமாக ஓடும் என்று யாராவது சொல்லக் கேட்டு பயாஸில் கை வைத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். நானும் ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அப்படித் தொலைத்தேன்.

கீபோர்டு மாமா

ஃபார்மட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பழைய போர்டு

ஐடிஇ-யிலேயே புதிதாக ஏறியிருக்கும், ஓடவும் ஓடியிருக்கும் :) ஃபார்மட்டால்தான் சரியானது என்று நீங்களும் எழுதியிருப்பீர்கள். தேதி மட்டும் தினமும் 2012-க்குப் போய், பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சண்டை போட்டிருக்கும். ரிப்போர்ட் போயே போயிருக்கும்.

செட்டிநாட்டுக்காரன்

ஓடுகிறது!

வாட்ச் கடையில் 40 ரூபாய். பழைய பேட்டரியை எலக்ட்ரீஷியன் மீட்டரில் வைத்துப் பார்த்தார், 3 இருக்க வேண்டிய இடத்தில் 0.9. கிளிப்பைத் தள்ளியதில் அது எகிறிக் கேபினட்டுக்குள் விழுந்து, அதைத் தேடி எடுக்கத்தான் நேரம் பிடித்தது. சாட்டா மோடு நீங்கள் சொன்ன மாதிரியே ஐடிஇ-யில் இருந்தது. மாற்றி எஃப்10 அழுத்தியதும் லோகோ, புள்ளிகள், புள்ளிகள், புள்ளிகள், அப்புறம் எங்கள் பழைய கொடைக்கானல் வால்பேப்பர். மகள் முதல் வேலையாக ரிப்போர்ட்டைப் பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள், நன்றிகூடச் சொல்லவில்லை.

நேற்று இரவு வேண்டுமென்றே சுவிட்சை அணைக்கச் சொன்னேன். காலையில் கறுப்புத் திரையே வரவில்லை, நேராக உள்ளே போய்விட்டது, தேதியும் சரியாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கடைக்காரர் இரண்டு தடவையும் பயாஸைத் திறந்து செட்டிங்கை மாற்றியிருக்கிறார் என்றால், தேதி 2012 என்று இருந்தது அவர் கண்ணில் படவே இல்லையா?

ரப்பர் வைத்தியன்

பட்டிருக்கும் சார். 300 ரூபாய் இரண்டு தடவை என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

பழைய போர்டு

அப்படியும் சொல்ல முடியாது. கடையில் மேசை நிறையக் கேபினட், சாட்டா மோடு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று கைக்கே தெரியும், நேராக அங்கே போய் மாற்றிவிட்டு வந்திருப்பார். தேதி முதல் பக்கத்தில் இருந்திருக்கும். நீங்களே மூன்று வாரம் அந்த நாலு வரியைப் படிக்காமல் எஃப்2 அழுத்தினீர்களே.

செட்டிநாட்டுக்காரன்

அதுவும் சரிதான்.