வலிப்பு உள்ள குழந்தைக்குத் தடுப்பூசி: தயங்கும் பெற்றோரிடம் என்ன சொல்வது?

பிசியோ, ஆரம்ப இடையீட்டு மையம்:
மூளை முடக்குவாதத்தோடு வலிப்பும் உள்ள குழந்தைகளின் வீடுகளில் ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது. பென்டாவேலன்ட் (கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) போட்ட இரவு காய்ச்சல், கூடவே ஃபிட்ஸ். அதோடு ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். "இருக்கிற கஷ்டம் போதாதாங்க?" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா ஊசி), டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் ஊசி) பூஸ்டர் எல்லாமே விட்டுப்போகிறது. உண்மையில் யாருக்கு நிறுத்தணும், யாருக்குத் தள்ளிப்போடணும்?

குழந்தை நல மருத்துவர்:
நிறுத்த வேண்டியவர்கள் மிகச் சிலர். கக்குவான் மருந்து சேர்ந்த ஊசி போட்ட 7 நாளுக்குள், வேறு காரணம் இல்லாமல் நினைவு தப்பிக் கிடந்தாலோ வலிப்பு விடாமல் நீடித்தாலோ மறுபடி கக்குவான் மருந்து கூடாது. முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலும் கூடாது. வலிப்பு கட்டுப்படாமல் கூடிக்கொண்டே போனால், அடங்கும்வரை கக்குவான் ஊசியை மட்டும் தள்ளிப்போடுங்கள். மாத்திரையில் நிலையாக இருக்கும் மூளை முடக்குவாதக் குழந்தைக்குத் தடையே இல்லை. காய்ச்சலோடு ஒருமுறை வந்து நின்ற ஃபிட்ஸ், ஊசியை நிரந்தரமாக நிறுத்தக் காரணம் ஆகாது.

சளியை இருமித் துப்ப முடியாத பிள்ளைக்குக் கக்குவான் வந்தால் என்ன ஆகும் என்பதை அம்மாவிடம் பொறுமையாக விளக்குங்கள். அவர் பயம் நியாயமானது; அதட்டினால் அடுத்த முறை வரவே மாட்டார்.

கிராம சுகாதார செவிலியர்:
காய்ச்சல் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லாததுதான் பாதிப் பிரச்சினை, மேடம். பென்டாவேலன்ட், டி.பி.டி. என்றால் அன்றிரவு அல்லது மறுநாள். எம்.ஆர். என்றால் 5 முதல் 12 நாளுக்குள். இதைக் கார்டிலேயே எழுதிக் கொடுங்க.

பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, காய்ச்சல் வந்த பிறகு. தப்பு நடப்பது பாட்டிலில். 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. வேணும்: 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 6 மி.லி.யைவிடக் கொஞ்சம் கூட, 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி., 1 மி.லி.க்கு 100 மி.கி. சொட்டு மருந்தில் 1.5 மி.லி. சிரப் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. படுக்கவைத்து ஊற்றாமல், நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடணும், இல்லைன்னா புரையேறும். பாராசிட்டமால் ஃபிட்ஸைத் தடுக்கும்னு வாக்குக் கொடுக்காதீங்க. வலிப்பு மாத்திரையை அன்னைக்கு ஒரு வேளைகூட விடக் கூடாது.

விட்டுப்போனதை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 1 வயதுக்குள் ஒரு பென்டாவேலன்ட்டாவது போட்டிருந்தால் மீதியை 4 வார இடைவெளியில் முடிக்கலாம். ஒன்றுமே போடலைன்னா 7 வயதுவரை டி.பி.டி. உண்டு. எம்.ஆர். 5 வயதுவரை.

பிசியோ, ஆரம்ப இடையீட்டு மையம்:
நன்றி. வலிப்புக்காக ஏ.சி.டி.எச். (ஹார்மோன்) ஊசி, பிரெட்னிசொலோன் (ஸ்டீராய்டு) எடுக்கும் குழந்தைகளுக்கு? 5 நிமிடம் தாண்டியும் ஃபிட்ஸ் நிற்கலைன்னா?

குழந்தை நல மருத்துவர்:
பிரெட்னிசொலோன் தினமும் கிலோவுக்கு 2 மி.கி. அல்லது அதற்கு மேல், 14 நாளோ கூடவோ போயிருந்தால், நிறுத்தி 1 மாதம் கழித்தே எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசி. ஏ.சி.டி.எச்.சுக்கும் அதே கவனம் வேண்டும். நியூமோகாக்கல், போலியோ ஊசி இரண்டும் உயிரற்றவை, அவற்றை நிறுத்த வேண்டாம்.

5 நிமிடம் தாண்டினால் மிடாசோலம் மூக்கு ஸ்பிரே, கிலோவுக்கு 0.2 மி.கி. ஒரு அழுத்துக்கு 0.5 மி.கி. வரும் புட்டி என்றால் 10 கிலோவுக்கு 4 அழுத்து, மூக்குத் துளைக்கு 2. வேறு அளவிலும் புட்டி வருகிறது, லேபிளைப் பாருங்கள். எத்தனை அழுத்து என்பதை ஊசி நாளுக்கு முன்பே அந்தக் குழந்தையின் நரம்பியல் மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். ஸ்பிரே அடித்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்கு அழையுங்கள்.