புதுப்பிப்பு: முட்டைக்கு வரும் பெட்டைகளுக்கு அசோலா, சவுண்டல்

கோழித் தீவனச் செலவைக் குறைக்க அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணி), சவுண்டல் (சூபாபுல்) மரத்தின் இலைத்தூள், பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு சேர்ப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். இவற்றால் பெட்டை முட்டைக்கு வருவது தள்ளிப்போகுமா என்று பலர் கேட்டதால் இது.

அசோலாவில் சிக்கல் தண்ணீர்தான். பச்சையாக 100 கிராம் போட்டால் ஒன்றரை கிராம் அளவே புரதம். முட்டையிடும் கோழிக்கு நாளுக்கு 16-18 கிராம் வேண்டும். அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு கலந்த தீவனம்) குறைத்துவிட்டு அசோலாவை அள்ளிப் போட்டால் தீனிப்பை நிறையும், எடை ஏறாது. எடை ஏறாத பெட்டைக்குச் சினைப்பையும் முட்டைக்குழாயும் தாமதமாகத்தான் வளரும்.

சவுண்டலில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. வெயிலில் காயவைத்தால் மட்டும் முழுதாகப் போகாது. தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயவையுங்கள். அப்போதும் தீவனத்தில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வளரும் பெட்டைகளுக்கு நான் அறவே பரிந்துரைக்க மாட்டேன்.

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம். எடுத்துவைத்த முட்டையில் மஞ்சள்கரு ஆலிவ் பச்சையாகும், வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாகும்.

முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச்சத்துக்குக் கொடுக்கும் கிளிஞ்சலை (சிப்பி ஓடு) முன்கூட்டியே கலக்காதீர்கள். வளர்பருவத் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 1 சதவீதம் போதும். முட்டையிடும் கோழித் தீவனத்தில் உள்ள 3.5-4 சதவீத அளவைச் சிறு வயதிலேயே கொடுத்தால் சிறுநீரகம் கெடும். கொண்டை சிவந்து, ஆசனவாய்க்குக் கீழுள்ள இரு எலும்புகளுக்கிடையே இரண்டு விரல் நுழையும்போது தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் வையுங்கள். தேவையானது தானே கொத்தும்.