ஸ்பெக்ட்ரமில் கேம் ஏறவில்லை, ஆர் எரர் வருகிறது (அவசர உதவி)

பரண்பெட்டி | வெள்ளி இரவு 10:12

வணக்கம். லண்டனில் மாமா வீட்டுப் பரணில் பழைய சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஒன்று கிடைத்தது, கேசட் ஒலியில் இருந்து கேம் ஏற்றும் 1980களின் வீட்டுக் கணினி. ஆன் ஆகிறது, திரையில் எழுத்தும் வருகிறது. ஆனால் கேம் ஏறவில்லை. நாலு தடவை போட்டுப் பார்த்தேன், நாலு தடவையும் ஆர் எரர், அதாவது டேப் ஏற்றுவதில் பிழை என்ற செய்தி. ஞாயிறு இரவு எனக்கு ஊர் திரும்ப விமானம். அதற்குள் மாமாவுக்கு ஒரு முறையாவது ஓட்டிக் காட்டிவிட வேண்டும். என்ன செய்யலாம்?

ரப்பர்விசை | வெள்ளி இரவு 10:20

எந்த ஸ்பெக்ட்ரம் என்று சொல்லவில்லையே. 1982இல் வந்த ரப்பர் பட்டன் பெட்டியா, 1984இல் வந்த கெட்டிப் பட்டன் பிளஸ்ஸா, கேசட் டெக் உள்ளேயே இருக்கும் பிளஸ் டூவா? என்ன கேம்? கேசட்டில் இருந்து ஏற்றுகிறீர்களா, போனில் இருந்தா? ஏறும்போது திரையின் ஓரத்தில் என்ன தெரிகிறது? இது நான்கும் தெரிந்தால்தான் மேலே பேச முடியும்.

சால்டரிங்சாமி | வெள்ளி இரவு 10:31

தம்பி, முதலில் கெபாசிட்டர்களை மாற்றுங்கள். நாற்பது வருஷப் பெட்டி. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் எல்லாம் காய்ந்து போயிருக்கும். என்னிடம் வந்த பெட்டி ஒவ்வொன்றிலும் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறேன். மாற்றாமல் கரண்ட் கொடுப்பதே தப்பு.

பள்ளிக்கணினி | வெள்ளி இரவு 10:44

லண்டன் என்றால் சின்க்ளேர் பெட்டியாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டுவிடுகிறேன், மாமா அதை இந்தியாவில் இருந்து கொண்டு போனாரா? இங்கே டெசிபல்ஸ் என்ற நிறுவனம் டிபி ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் இதே கணினியை விற்றது. 1984–85இல் கிளாஸ் என்ற அரசுத் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினியில்தான் நான் பேசிக் நிரல்மொழி கற்றேன். ஸ்பெக்ட்ரம் எனக்குப் பக்கத்து வீட்டுக் கணினி.

அடாப்டர் பழையதா, புதிதாக வாங்கியதா? ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகடிவ். கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை பாசிடிவ். மாற்றிச் சொருகினால் பெட்டி போய்விடும். இதை மட்டும் உடனே பாருங்கள்.

மூத்தவன்82 | வெள்ளி இரவு 11:05

இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு முறை வருகிறது. பெட்டியோடு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் 20ஆம் அத்தியாயம் முழுக்க கேசட் பற்றியதுதான். அதைப் படித்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. அந்தக் காலத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் ஏற்றினார்கள். நீங்கள் லோட் என்பதை எழுத்தெழுத்தாக அடித்திருப்பீர்கள். ஜே விசையை அழுத்தினாலே முழுச் சொல்லும் வரும். அப்புறம் சிம்பல் ஷிப்டோடு பி இரண்டு முறை. இதுகூடத் தெரியாமல் பெட்டியைத் தொடுவது சரியல்ல.

ரப்பர்விசை | வெள்ளி இரவு 11:11

கட்டளை தவறாக இருந்தால் ஆர் எரர் வர வழியே இல்லை. பேசிக் அந்த வரியை ஏற்காமல் கேள்விக்குறி காட்டி நின்றுவிடும். ஆர் வருகிறது என்றால் டேப்பில் இருந்து ஏதோ வாசித்து, அது சரியில்லை என்று கணினியே சொல்கிறது. அவர் புத்தகம் படித்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. பதில் வரட்டும்.

பரண்பெட்டி | சனி காலை 7:30

மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். ரப்பர் பட்டன். அடாப்டர் பெட்டியோடு இருந்த பழையதுதான். மேனிக் மைனர். போனில் இருந்து ஏற்றுகிறேன், சத்தம் முழுசாக வைத்தேன். கேம் பெயர் திரையில் வருகிறது, அப்புறம் ஆர்.

நினைவகம் | சனி காலை 8:02

ரப்பர் பட்டன் என்றால் ராம் நினைவகம் 16கே (கிலோபைட்) மட்டும் உள்ள பெட்டியாக இருக்கலாம். 125 பவுண்டுக்கு 16கே, 175 பவுண்டுக்கு 48கே என்று இரண்டு விதமாக விற்றார்கள். மேனிக் மைனருக்கு 48கே வேண்டும். அப்படியே 48கே பெட்டியாக இருந்தாலும் மேல் 32கேவுக்கான எட்டுச் சில்லுகளில் ஒன்று போயிருக்கலாம். நான் பார்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் ராம் கோளாறுதான். இதுவும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ரப்பர்விசை | சனி காலை 8:20

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வரி போதும். இதை அடித்து எண்ணைச் சொல்லுங்கள்:

பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733

65535 வந்தால் 48கே முழுசாக இருக்கிறது. 32767 வந்தால் 16கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் நினைவகம், ராம் போதாததால் ஆர் வராது. டேப் வாசிக்கும் ரோம் நிரல் ஒவ்வொரு பைட்டையும் ராமில் போடுகிறது, சரிபார்ப்பையோ பிராசசருக்குள்ளேயே ரெஜிஸ்டரில் இருக்கும் பைட்டை வைத்துத்தான் செய்கிறது. அந்த முகவரியில் ராமே இல்லையென்றாலும் அதற்குத் தெரியாது. 16கே பெட்டியில் பெரிய கேம் போட்டால் வழக்கமாக வருவது எம் ராம்டாப் நோ குட் என்ற வேறு பிழைச் செய்தி, இல்லையென்றால் ஏறி முடித்ததும் ரீசெட். ஆர் என்றால் உள்ளே வரும் சத்தத்தில்தான் கோளாறு.

பரண்பெட்டி, ஓரத்து நிறம் பற்றி இன்னும் சொல்லவில்லை. சிவப்பும் வெளிர் நீலமும் மெதுவாக மாறி மாறி வந்தால் சத்தம் உள்ளே போகவே இல்லை. அதே நிறங்கள் பட்டை பட்டையாக நெளிந்தால் தரவுக்கு முன் வரும் முன்னொலி கிடைத்துவிட்டது. அப்புறம் மெல்லிய நீல, மஞ்சள் கோடுகள் ஓடினால் தரவு ஏறுகிறது.

சால்டரிங்சாமி | சனி காலை 8:41

எண் எதுவானாலும் கெபாசிட்டர் மாற்றுவதில் நஷ்டம் இல்லை. அரை மணி நேர வேலை.

சிட்64 | சனி காலை 9:15

இந்தத் தலைவலியே கமடோர் 64இல் கிடையாது. அதற்கென்றே டேட்டாசெட் என்று ஒரு டெக் வந்தது. சத்தத்தைச் சதுர அலையாக மாற்றும் சுற்று அதற்குள்ளேயே இருந்தது. வால்யூம் திருகும் வேலையே இல்லை. திரையில் தனியாக நகர்த்தக்கூடிய பொம்மைகள், அதாவது ஸ்பிரைட், எட்டு; ஒலிக்கு மூன்று குரல் சிட் சில்லு. ஸ்பெக்ட்ரமில் ஒரு பொம்மை இன்னொன்றின் மேல் போனால் நிறம் ஒட்டிக்கொள்ளும். மாமாவுக்கு ஒரு 64 வாங்கிக் கொடுங்கள்.

இசட்80பித்தன் | சனி காலை 9:40

64 அமெரிக்காவில் 1982இல் 595 டாலருக்கு வந்தது. நம் பெட்டி 175 பவுண்டு. அந்த வித்தியாசத்தால்தான் பிரிட்டனில் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் கையில் ஸ்பெக்ட்ரம் போய்ச் சேர்ந்தது. நிறம் ஒட்டிக்கொள்வதற்கும் அதுதான் காரணம். 8க்கு 8 கட்டத்துக்கு எழுத்து நிறம் ஒன்று, பின்னணி நிறம் ஒன்று. அதனால் முழுத் திரையும் 6,912 பைட்டில் அடங்குகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுத்திருந்தால் 48கேயில் கேமுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

டேட்டாசெட் பற்றிப் பேசினீர்கள். 64இன் சொந்த ரோம் நிரல் எல்லாவற்றையும் இரண்டு முறை பதிவு செய்யும். அதனால் வேகமாக ஏற்றும் டர்போ லோடர் நிரல் இல்லாமல் ஏற்றினால் ஸ்பெக்ட்ரமை விடப் பல மடங்கு மெதுவு.

சிட்64 | சனி காலை 9:52

இரண்டு முறை பதிவதால்தான் பிழை வந்தாலும் தப்பிக்கிறது. இங்கே ஒருவர் வெள்ளிக்கிழமையிலிருந்து ஆர் எரரோடு நிற்கிறார். இசைக்கு என்ன சொல்வீர்கள்?

இசட்80பித்தன் | சனி காலை 10:10

மேனிக் மைனரையே எடுங்கள். 1983இல் மேத்யூ ஸ்மித் எழுதியது. இசைக்கென்று ஒரு சில்லும் இல்லை. ஒரே பிட்டை மேலும் கீழும் ஆட்டி ஒலி எழுப்ப வேண்டும். ஆட்டும் நேரத்தில் பிராசசர் வேறு வேலை பார்க்க முடியாது. அப்படியிருந்தும் குகையில் ஓடும்போதே பின்னணியில் எட்வர்ட் கிரீக் என்ற இசையமைப்பாளரின் இசை வருகிறது, கேமின் நாயகன் வில்லி தடுமாறாமல் நடக்கிறான். சுற்றுக்கு ஒரு துளி இசை, அடுத்த அசைவு, மறுபடி ஒரு துளி என்று பின்னியிருக்கிறார். வசதி இருக்கும் சில்லில் இசை போடுவது ஒரு திறமை. இது வேறு திறமை. எனக்கு இதுதான் பெரிது.

பள்ளிக்கணினி | சனி காலை 10:18

இரண்டு பேரும் தனி இழை தொடங்கிப் பேசலாமே. அந்தத் தம்பிக்கு நாளை விமானம்.

எளியவழி | சனி காலை 10:30

பழைய கணினியைப் போலவே நடக்கும் மென்பொருளான எமுலேட்டரில் ஆடினால் என்ன? லேப்டாப்பில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பரண்பெட்டி | சனி பகல் 12:05

65535 வந்தது. பட்டை நெளிகிறது, நீலம் மஞ்சள் கோடும் வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. எமுலேட்டர் வேண்டாம். மாமா தொட்டு ஆடிய பெட்டி இது, அதில்தான் பார்க்க வேண்டும் என்கிறார். கேம் ஆடியோவை அத்தை மகன் குடும்பக் குழுவில் அனுப்பினான், அதைத்தான் போடுகிறேன்.

ரப்பர்விசை | சனி பகல் 12:14

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். குழுவில் வந்த ஆடியோ என்றால் வழியில் சுருக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கம் மனிதக் காதுக்காகச் செய்தது. ஸ்பெக்ட்ரம் காதால் கேட்பதில்லை, ஒரு அலை எழுந்து விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் எண்ணுகிறது. 0 என்றால் ஏறக்குறைய அரை மில்லி வினாடி, 1 என்றால் அதைப் போல் இரண்டு மடங்கு. இவ்வளவுதான் வித்தியாசம். சுருக்கும்போது அலையின் ஓரம் கொஞ்சம் நகர்ந்தாலும் 0 போய் 1 ஆகிவிடும். தலைப்புப் பகுதி 17 பைட்தான், அதனால் தப்பிப் பிழைத்துப் பெயர் தெரிகிறது. அடுத்து வரும் ஆயிரக்கணக்கான பைட்டில் ஒரு பிட் தவறினாலும் கடைசியில் கூட்டுச் சரிபார்ப்பு ஒத்துவராது. நடுவில் ஓரமே கிடைக்காமல் போனால் அந்த இடத்திலேயே ஆர்.

செய்ய வேண்டியது: கேமின் டிஏபி அல்லது டிஇசட்எக்ஸ் கோப்பை (கேசட்டின் தரவை வைத்திருக்கும் கணினிக் கோப்பு வகைகள்) எடுத்து, லேப்டாப்பிலேயே சுருக்காத ஒலியான வேவ் கோப்பாக மாற்றுங்கள். எம்பி3 வேண்டாம். லேப்டாப்பில் இருந்தே நேராகக் கொடுங்கள். போன்தான் வேண்டும் என்றால் ஈக்வலைசர், ஒலி மெருகு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், அறிவிப்புச் சத்தமும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தத்தை முழுசாக வைக்காமல் முக்கால் அளவில் தொடங்கி மேலே போங்கள். முழுசாக வைத்தால் சில கருவிகளில் அலையின் தலை நசுங்கும்.

கம்பிக்காரன் | சனி பகல் 12:40

கேபிளையும் பாருங்கள். மைக் உள்ள ஹெட்போன் கேபிள் நாலு வளைய முனை. ஸ்பெக்ட்ரமின் இயர் துளை மோனோ. எர்த் சரியாகச் சேராமல் சத்தம் பாதியாகிவிடும். சாதாரண ஆக்ஸ் கேபிள் போதும். ஏற்றும்போது மைக் துளையில் எதையும் சொருகாதீர்கள்.

மூத்தவன்82 | சனி பகல் 1:15

இந்த விவரத்தை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் ஒரு நாள் மிச்சம். கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இனி வருகிறவர்களாவது கற்றுக்கொள்ளட்டும்.

பள்ளிக்கணினி | சனி பகல் 1:22

ஐயா, குழுவில் அனுப்பினால் ஒலி சுருங்கும் என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாத விவரத்தை எப்படி எழுதுவார்?

பரண்பெட்டி | ஞாயிறு காலை 11:50

வேவ் போட்டதும் ஏறிவிட்டது. கேபிளும் மாற்றினேன். மாமா மூன்றாவது குகை வரை போனார், கை நடுங்குகிறது ஆனால் எங்கே குதிக்க வேண்டும் என்று எல்லாம் நினைவிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

இன்னொன்று. பெட்டிக்குள் ஒரு கேசட் இருந்தது. மேலே மாமா கையெழுத்தில் "என் ப்ரோக்ராம் 1985". அதையும் இப்படியே போடலாமா? கிளம்புவதற்குள் பார்க்க ஆசை.

ரப்பர்விசை | ஞாயிறு காலை 11:58

தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். மேனிக் மைனர் உலகம் முழுக்க இருக்கிறது, அந்தக் கேசட் ஒன்றுதான் இருக்கிறது.

முதலில் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாவுக்குப் பின்னால் சின்னச் செம்புத் தகட்டில் ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். அது உதிர்ந்திருந்தால் ஓட்டாதீர்கள், நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்ற வேண்டும். பஞ்சு இருந்தால், டெக்கின் ஹெட்டைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு முறை ஓட்டி, லேப்டாப்பில் 44,100 ஹெர்ட்ஸ் வேவாகப் பதிவு செய்யுங்கள். இரைச்சல் நீக்கும் வசதி எதையும் போடாதீர்கள். சத்தம் மந்தமாகக் கேட்டால் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை, ஒலி கூர்மையாகும் வரை மெல்லத் திருப்ப வேண்டும். ஆனால் அதை வேறு ஏதாவது கேசட்டை ஓடவிட்டுப் பழகிக்கொண்டு செய்யுங்கள்.

பதிவானபின் ஸ்பெக்ட்ரமில் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். லோட்டுக்குப் பதில் மெர்ஜ் போட்டால், தானாக ஓடத் தொடங்காமல் மாமா எழுதிய வரிகளை அப்படியே பட்டியலாகப் பார்க்கலாம்.

சால்டரிங்சாமி | ஞாயிறு பகல் 12:30

டெக்கின் பெல்ட்டையும் பாருங்கள். பழைய ரப்பர் பிசுபிசுவென்று உருகியிருந்தால் நாடாவைச் சுருட்டிக்கொள்ளும். இதை மட்டும் கேளுங்கள், கெபாசிட்டர் அப்புறம்.

இசட்80பித்தன் | ஞாயிறு மாலை 5:10

1985இல் ஒருவர் அந்த ரப்பர் பட்டனில் விரல் நோக அடித்த நிரல். கிடைத்தால் இங்கே போடுங்கள், எதுவாக இருந்தாலும்.

சிட்64 | ஞாயிறு மாலை 5:26

நானும் பார்க்க விரும்புகிறேன்.

ரப்பர்விசை | இரண்டு வாரம் கழித்து, செவ்வாய் இரவு 9:03

பரண்பெட்டி, ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அந்தக் கேசட் என்ன ஆயிற்று? பதிவு செய்ய முடியாமல் கிளம்பியிருந்தால், வீட்டில் யாராவது பதிவு செய்யும் வரை அதை ஸ்பீக்கர், டிவி பக்கத்தில் வைக்காமல் மாமாவிடம் சொல்லிப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பதிவு செய்தும் ஏறவில்லை என்றால் அந்த வேவ் கோப்பை மட்டும் இங்கே போடுங்கள், குழுவில் அனுப்பாமல் நேராக. அலை அலையாகப் பார்த்து எடுத்துத் தருகிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி.