தமிழ் மணியைக் காட்டிப் பெருமையடித்தேன், இன்னும் உறுத்துகிறது

கிவித்தமிழன்:
மணிக் கதை இங்கே நியூசிலாந்தில் நம்மவர் எல்லோருக்கும் தெரியும், 1836 வாக்கில் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரம், கொலென்சோ என்ற மிஷனரி கண்ணில் பட்டது, பார்த்தால் முகைய்யதீன் பக்சுவின் கப்பல் மணி என்று தமிழில் எழுத்து. இப்போது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. வேலையிடத்தில் ஒரு மாவோரி அக்காவிடம் கைபேசியில் படத்தைக் காட்டி எழுத்துக் கூட்டிப் படித்தேன். "எங்க மணியில கிழங்கு அவிச்சிருக்கீங்களே" என்று சிரித்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுப் பாரு. நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். அப்புறம் அவரே சொன்னார், மாவோரித் தலைவர்களும் பிரிட்டனும் செய்துகொண்ட வைதாங்கி ஒப்பந்தத்தின் மாவோரி மொழிப் பிரதியை அச்சடித்ததும் அதே கொலென்சோதானாம். 1840 பிப்ரவரி 6, வைதாங்கியில் மாவோரித் தலைவர் ஹோனே ஹெக்கே கையெழுத்துப் போடக் கிளம்பும்போது குறுக்கே எழுந்து, இவர்களுக்கு இது புரிந்ததா என்று பிரிட்டன் பிரதிநிதி ஹாப்சனைக் கேட்டவரும் அவர்தான். எனக்கு அவரை மணிக்காரராக மட்டும்தான் தெரியும்.

தெற்குக்காற்று:
அண்ணா, 'புரியவில்லை' என்ற பேச்சே எனக்கு ஒப்பாது. அவர்கள் மொழிப் பிரதியில் இருந்தது அவர்களுக்குப் புரிந்தது. காவனதங்காவை, அதாவது ஆளும் பொறுப்பை, கொடுத்தார்கள். ரங்கதிரதங்காவை, தங்கள் தலைமை உரிமையை, கொடுக்கவே இல்லை. இங்கிலீஷ் பிரதிதான் மொத்த இறையாண்மையும் போய்விட்டதாகச் சொன்னது. கையெழுத்திட்ட ஐந்நூறு சொச்சம் தலைவர்களில் அந்தப் பிரதியில் போட்டவர்கள் 39 பேர்தான். கொலென்சோவைப் பெரிய ஆளாக்க வேண்டாம்.
என் கதை சின்னது. அந்த ஒப்பந்தத்தின் கொள்கைகளைப் புதிதாக வரையறுக்க வந்த மசோதாவை எதிர்த்து நடந்த 2024 நவம்பர் ஹிகோய், அதாவது கண்டனப் பேரணி, அன்று நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒரு பாட்டி என் மகள் கையில் கொடி கொடுத்தார், விசா நிலுவையில் இருந்ததால் நான் அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டேன். (அந்த மசோதா 2025 ஏப்ரலில் 112க்கு 11 என்று தோற்றது.)
உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், அந்த அக்கா மராய்க்கு, அதாவது மாவோரிகள் கூடும் இடத்துக்கு, கூப்பிட்டால் போங்கள். வாசலில் நில்லுங்கள், உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்து அழைப்பார், அதற்கு முன்னால் நுழையக் கூடாது. செருப்பை வெளியே விடுங்கள், இது நமக்குப் பழக்கம்தான். சாப்பாட்டு மேசைமேல் உட்காராதீர்கள், தலையணைமேலும்தான். பேசச் சொன்னால் வேலை, பட்டம் எல்லாம் வேண்டாம், உங்கள் ஊர் மலை, ஆறு, தாத்தா பாட்டி, இதைச் சொன்னால் போதும். கோஹா, நம் மொய் மாதிரி, உறையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

இரவுச்சவாரி:
இதெல்லாம் யார் கேட்டது தம்பி? கொடிக் கதையை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.
நான் ஆக்லாந்தில் டாக்சி ஓட்டுகிறேன். தகாபரவாவ் மேட்டில் ஒருவர் வண்டியை நிறுத்தச் சொன்னார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். 1978 மே 25 தெரியுமா என்றார். தெரியும் என்று தலையாட்டினேன், அந்த மேடு தங்கள் நிலம் என்று 506 நாள் அங்கே உட்கார்ந்திருந்த மாவோரிகளைப் போலீஸும் ராணுவமும் வந்து கிளப்பி 222 பேரைக் கைது செய்த நாள். இறங்கிப் போய்ப் புல்மேல் அடி அளந்து நடந்தார், நாலு திருப்பம். ஒரு மூலையில் நின்று, "இதுதான் எங்க அடுப்படி" என்று அங்கிருந்தே கத்தினார். எனக்கு அடுத்த சவாரி வந்துவிட்டிருந்தது. ஹாரன் அடித்தேன்.