தெர்மோஸ்டாட் டிகிரிய மாத்தினா மைலேஜ் மாறுமா? 71, 82, 92 எது போடலாம்?

நெடுஞ்சாலை07:
வணக்கம் நண்பர்களே. என்னோடது பெட்ரோல் வண்டி, டர்போ கிடையாது, கம்பெனி போட்டது 82 டிகிரி தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்ட, அதாவது இன்ஜின ஆற வைக்கற தண்ணிய, ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கற வால்வு). கொஞ்ச நாளாவே மைலேஜ் இறங்கிட்டே வருது. ஏர் ஃபில்டர், பிளக், டயர் காத்து எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் பிடிபடல. ஸ்கேனர் மாட்டி பாத்தா ஹைவேல சீரா போறப்ப கூலன்ட் 68, 70 தான் காட்டுது, டிராஃபிக்ல நின்னா 88 வரை போகுது, மீட்டர் முள்ளு கிட்டத்தட்ட நடுவுலயேதான் நிக்குது. எப்படியும் தெர்மோஸ்டாட்ட மாத்திடலாம்னு இருக்கேன். தெரிஞ்சவர் ஒருத்தர் 71 போடு இன்ஜின் கூலா ஓடும்ங்கறார், இன்னொருத்தர் 92 போடு சூடா இருந்தாதான் மைலேஜ்ங்கறார். எது சரி?

கூல்ரன்னர்:
71 போடுங்க ப்ரோ, யோசிக்கவே வேணாம். இன்ஜின் கூலா இருந்தா உள்ள வர்ற காத்து அடர்த்தியா இருக்கும், நாக்கிங் (பெட்ரோல் கலவை தானா வெடிச்சு தட்டறது) வராது, நாக்கிங் வரலன்னா ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) டைமிங்க, அதாவது பிளக் பொறி விடற நேரத்த, பின்னாடி இழுக்காது, டைமிங் முன்னாடி நின்னா அதே பெட்ரோலுக்கு அதிக இழுவை கிடைக்கும். ரேஸ் வண்டிக்கு செட்டிங் பண்றவங்க 71 போடறது சும்மா இல்ல. ஹோஸ், கேஸ்கெட், பிளாஸ்டிக் டேங்க்னு எல்லாத்துக்கும் ஆயுசு கூடும்.

ஸ்பேனர்செட்:
தயவுசெஞ்சு போட்றாதீங்க. ரேஸ்ல ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு வச்சிருக்கான், அவனுக்கு வேண்டியது பவர். நெடுஞ்சாலை கேக்கறது மைலேஜ். ரெண்டும் வேற வேற கேள்வி.

சீரா போறப்ப இன்ஜின் மேல லோடு கம்மி, அங்க நாக்கிங் வர்ற நிலைமையே இல்ல, டைமிங் ஏற்கனவே இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கும், அப்ப கூலா வச்சு என்னத்த மிச்சம் பிடிக்கப் போறீங்க? இழக்கறதுதான் நிறைய. முதல்ல ஆயில எடுத்துக்கோங்க, ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரில சுமார் 60 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலோட கெட்டித்தன்மைய சொல்ற அளவு) இருக்கும், 100 டிகிரில அது 10 பக்கத்துல வந்துடும், அதாவது ஆறுல ஒரு பங்கு. கூலன்ட்ட இறக்கினா ஆயிலும் கூடவே இறங்கும், பிஸ்டன் ரிங், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் அந்த கெட்டி ஆயில தள்ளிக்கிட்டு ஓடணும், அந்த வேலைக்கும் உங்க பெட்ரோல்தான் எரியணும். அப்புறம் சிலிண்டர் சுவர் குளிர்ச்சியா இருந்தா எரிஞ்ச வாயுல இருக்கற தண்ணி ஆவி அதுல படியும், எரியாத பெட்ரோலும் கழுவிக்கிட்டு ஆயில்ல இறங்கும், ஆயில் கெட்டு ஸ்லட்ஜ் (சேறு மாதிரி கசடு) ஆகும். கூலா ஓடினா ஆயுசு கூடும்னு சொல்றது அப்படியே தலைகீழ்.

கூல்ரன்னர்:
பயமுறுத்தாதீங்க. 71 டிகிரி இன்ஜின் என்ன ஐஸ்ல வச்ச இன்ஜினா? நீங்க சொல்ற பெட்ரோல் கழுவல் எல்லாம் ஸ்டார்ட் பண்ணின முதல் ரெண்டு மூணு நிமிஷ கதை. இப்ப வர்ற ஆக்சிஜன் சென்சாருக்குள்ளயே (எரிஞ்ச புகைல மிச்சம் இருக்கற ஆக்சிஜன அளக்கறது) ஹீட்டர் காயில் இருக்கு, ஒரு நிமிஷம் போல ஓடினாலே வேலை செய்ய ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் ஈசியூ சென்சார பாத்து மிக்சர (காத்து, பெட்ரோல் கலவைய) சரி பண்ணிக்கிட்டேதான் இருக்கும், 71ல ரிச்சா, அதாவது தேவைக்கு மேல பெட்ரோலோட, ஓடாது. "கூல் தெர்மோஸ்டாட் போட்டா வண்டி எப்பவும் சோக் போட்ட மாதிரி ஓடும்"னு ஊர் பூரா பரப்பி வச்சிருக்காங்க, அது கார்புரேட்டர் காலத்து பேச்சு.

ஸ்பேனர்செட்:
மிக்சர் விஷயத்துல பாதி உண்மை. ஆனா ஈசியூ கூலன்ட் சென்சார பாத்து முடிவு பண்றது மிக்சர் மட்டும் இல்லயே. ஆட்டோமேட்டிக் வண்டின்னா டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியா இணைக்கறது) லாக் ஆகறது, சிக்னல்ல இன்ஜின் தானா அணையற ஸ்டார்ட்-ஸ்டாப், ஈஜிஆர் (எரிஞ்ச புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்குள்ள விடற வால்வு) திறக்கறது, ஐடிலிங் ஆர்பிஎம் இறங்கறது, இது ஒவ்வொண்ணும் கூலன்ட் இத்தனை டிகிரி வந்த பிறகுதான்னு கம்பெனி எழுதி வச்சிருக்கும். அந்த எல்லைக்கு கீழயே இன்ஜின பிடிச்சு வச்சா எதுவும் ஒழுங்கா நடக்காது. போதாக்குறைக்கு செக் இன்ஜின் லைட்டும் எரியும், பி0128னு கோடு வரும், கூலன்ட் வர வேண்டிய சூட்டுக்கு வரலங்கறதுதான் அதோட அர்த்தம்.

வெப்பக்கணக்கு:
ரெண்டு பேர் சண்டையையும் படிச்சேன். ஒரு அடிப்படை விஷயத்த யாரும் சொல்லல. தெர்மோஸ்டாட் மேல அடிச்சிருக்கற நம்பர் தரை, கூரை இல்ல. 82ன்னா 82ல உள்ள இருக்கற மெழுகு உருகி வால்வு திறக்க ஆரம்பிக்கும், முழுசா திறக்க இன்னும் பத்து பதினஞ்சு டிகிரி ஏறணும். முழுசா திறந்த பிறகு அதுக்கு வேலையே இல்ல, எவ்வளவு சூடு வெளிய போகும்ங்கறது ரேடியேட்டர், ஃபேன், காத்தோட்டம் கையில. ஏத்தத்துல லோடோட போறப்பவும் டிராஃபிக்ல நிக்கறப்பவும் 71 போட்டாலும் 82 போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். அதனால ஓவர்ஹீட் ஆகற வண்டிக்கு 71 போட்டு சரி பண்ணிடலாம்னு நினைக்கறதும் வீண்.

அடுத்தது, சூடா இருந்தா மைலேஜ் ஏறும்னு சொல்றவங்க கார்னோவ (சூட்டு வித்தியாசம் கூடினா இன்ஜின் திறனும் கூடும்ங்கற விதி) இழுக்காதீங்க. கார்னோ கணக்குல வர்றது எரியற வாயுவோட சூடு, கூலன்ட்டோட சூடு இல்ல. எரியறப்ப வாயு 2000 டிகிரிய தாண்டும், முழு சுழற்சிக்கு சராசரி எடுத்தாலும் பல நூறு டிகிரி, அதுக்கு எதிர்ல சுவர் 20 டிகிரி ஏறினா சுவர் வழியா போற வெப்பம் சில சதவீதம்தான் குறையும். கூலன்ட்டுக்கு போறதே பெட்ரோல் சக்தில கால் பங்குக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல, அதுல சில சதவீதம் மிச்சமாச்சுன்னு வச்சுக்கிட்டாலும் அதுல பெரும்பகுதி பிஸ்டன தள்ளாம சைலன்சர் வழியாத்தான் போகும். ஆகவே 82லிருந்து 92க்கு போனா கிடைக்கறது ஆயில் உராய்வுல வர்ற கொஞ்சூண்டு லாபம். அது டேங்க் நிரப்பி போடற கணக்குல கண்ணுக்கே தெரியாது.

ஸ்பேனர்செட்:
கொஞ்சூண்டுன்னு ஒதுக்கிடாதீங்க சார். அந்த கொஞ்சூண்டுக்காக கம்பெனிங்க எவ்வளவு வேலை பண்ணியிருக்காங்கன்னு பாருங்க. பி.எம்.டபிள்யூவோட என்52 இன்ஜின எடுத்துக்கோங்க, 2000களின் நடுவுல வந்தது, எலக்ட்ரிக் வாட்டர் பம்ப், ஈசியூ கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட். மெதுவா போறப்ப கூலன்ட்ட 112 டிகிரில வைக்கும், சாதாரண ஓட்டத்துக்கு 105, வேகமா அழுத்தினா 95, முழு லோடுல 80. மைலேஜுக்கு சூடு தேவையில்லன்னா 112 எதுக்கு? சூடு கூட கூட பிளாஸ்டிக், ரப்பர் எல்லாத்துக்கும் கஷ்டம்னு அவங்களுக்கு தெரியாதா? தெரிஞ்சும் பண்றாங்க.

கூல்ரன்னர்:
ஆங், அதே உதாரணத்துலதான் நான் சொன்னதும் இருக்கு. முழு லோடுல ஏன் 80க்கு இறக்கறான்? நாக்கிங்குக்காக. காத்த குளிர்ச்சியா வைக்கறதுக்காக.

ஸ்பேனர்செட்:
அழுத்தற அந்த நேரத்துக்கு மட்டும் இறக்கறான், மீதி நேரம் பூரா சூடா வைக்கறான். மெழுகு தெர்மோஸ்டாட்டுக்கு அந்த புத்தி கிடையாது, 71 போட்டா நாள் பூரா 71 பக்கம்தான். தினம் ஓட்டற வண்டி எத்தனை நேரம் முழு லோடுல ஓடுது? ஓவர்டேக் பண்றப்ப சில நொடி, ஏத்தத்துல கொஞ்ச நேரம். அதுக்காக மீதி ஓட்டத்த பலி கொடுக்கணுமா?

கூல்ரன்னர்:
டர்போ வண்டி, கம்ப்ரெஷன் அதிகமா இருக்கற வண்டி, வெயில்ல லோடு ஏத்தி ஏத்தம் ஏறற வண்டி, இவங்களுக்கு அந்த சில நொடிதான் முக்கியம். நாக் சென்சார் ஒரு தடவை பிடிச்சா டைமிங் உடனே திரும்பாது, படிப்படியாத்தான் வரும், அது வரைக்கும் பெட்ரோல் வீண். இத ஒத்துக்க மாட்டேங்கறீங்க.

டீசல்பிரியன்:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும், நீங்க எல்லாரும் தத்துவம் பேசறீங்க, கேட்டவரோட நம்பர ஒருத்தரும் படிக்கலயே! 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்ட வண்டி ஹைவேல 68, 70 காட்டுது. அது நடக்கவே கூடாது. 82க்கு கீழ வால்வு மூடியிருக்கணும், மூடியிருந்தா ரேடியேட்டருக்கு கூலன்ட் போகாது, போகலன்னா சூடு தானா ஏறியே ஆகணும். நின்னா 88, ஓடினா 68ன்னா வால்வு திறந்தபடியே மாட்டிக்கிச்சு, இல்ல மூட முடியாம பாதில நிக்குது, எதிர்க்காத்து பட்டதும் ரேடியேட்டர் எல்லா சூட்டையும் இழுத்துடுது. மைலேஜ் போன இடம் பெரும்பாலும் இதுதான். 71ஆ 92ஆங்கற கேள்விக்கே அப்புறம் வரலாம்.

மீட்டர் முள்ள நம்பாதீங்க. நிறைய வண்டில முள்ளு 75லிருந்து 105 வரை ஒரே இடத்துல நிக்கற மாதிரியே செஞ்சிருப்பாங்க, முள்ளு ஆடினா ஓட்டறவங்க பயப்படறாங்கன்னு. ஸ்கேனர்தான் பேசும்.

டீசல்ல இந்த கோளாறு இன்னும் கொடுமை. டீசல் இன்ஜின் லேசான லோடுல சூடாகறதே மெதுவா, தெர்மோஸ்டாட் திறந்து கிடந்தா கடைசி வரைக்கும் சூட்டுக்கே வராது, டிபிஎஃப் (டீசல் புகைல வர்ற கரிய பிடிக்கற ஃபில்டர்) தன்னைத் தானே எரிச்சு சுத்தம் பண்றத ஈசியூ ஆரம்பிக்கவே விடாது, கரி அடைச்சு கடைசில லைட் எரிஞ்சு இழுவை போய் நிக்கும். ஒரு சின்ன வால்வுல ஆரம்பிச்சு ஃபில்டரையே மாத்த வேண்டியதா போகும்.

நெடுஞ்சாலை07:
அட, இப்படி யோசிக்கல. வண்டிய கழட்டாம உறுதி பண்ண வழி இருக்கா?

டீசல்பிரியன்:
இருக்கு. ராத்திரி பூரா நின்ன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்ணி, ஸ்கேனர பாத்துக்கிட்டே ரேடியேட்டருக்கு போற ஹோஸ தொட்டு பாருங்க, ஃபேன் எப்ப வேணா சுத்தும், கைய தள்ளி வைங்க. தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா 80 வர்ற வரைக்கும் ஹோஸ் பச்சைத் தண்ணியாட்டம் இருந்து, அப்புறம் சட்டுனு சூடேறும். 40, 50லயே ஹோஸும் சேந்து வெதுவெதுன்னு ஆச்சுன்னா மாட்டிக்கிட்டதுதான். கழட்டின பிறகு ஆறின நிலைல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, வால்வு ஓரத்துல வெளிச்சம் தெரியக்கூடாது. சூடு பண்ற தண்ணில போட்டு தெர்மாமீட்டர் வச்சும் பாக்கலாம், 82 பக்கம் திறக்க ஆரம்பிக்கணும், ஆறினதும் முழுசா மூடணும்.

ஈசிரைடர்:
இவ்வளவு தலைவலி எதுக்கு, தெர்மோஸ்டாட்டயே கழட்டி போட்டுட்டு ஓட்டலாமே? வெயில் ஊர்ல நிறைய பேர் அப்படித்தான் ஓட்டறாங்க.

ஸ்பேனர்செட்:
வேணவே வேணாம். திறந்து மாட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட்டும் கழட்டி போட்டதும் மைலேஜுக்கு ஒண்ணுதான். சில இன்ஜின்ல அதோட அடில இன்னொரு தட்டு இருக்கும், வால்வு திறக்கறப்ப அந்த தட்டு பைபாஸ் வழிய (ரேடியேட்டருக்கு போகாம கூலன்ட் சுத்தி வர்ற குறுக்கு வழி) மூடும். கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், கூலன்ட்ல ஒரு பங்கு ரேடியேட்டருக்கு போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும், ஏத்தத்துல ஓவர்ஹீட் ஆகும். கூலாகும்னு கழட்டி ஹெட் கேஸ்கெட் போன வண்டி இருக்கு.

வெப்பக்கணக்கு:
டீசல்பிரியன் சொன்னது சரியான இடம். வார்ம்அப் நேரம்தான் பெரிய மீன், நான் முன்னாடி கொஞ்சூண்டுன்னு சொன்னது நல்லா சூடான இன்ஜின்ல 82க்கும் 92க்கும் உள்ள வித்தியாசத்த. ஆறின இன்ஜின் விஷயம் அப்படி இல்ல. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்கு, நகர ஓட்டத்துல பெட்ரோல் கார் மைலேஜ் 25 டிகிரி வெளிச்சூட்டுல இருக்கறத விட மைனஸ் 7ல சுமார் 15 சதவீதம் குறையும், அஞ்சாறு கிலோமீட்டர் சின்ன ஓட்டம்னா 24 வரைக்கும் குறையலாம். அதுல டயர், காத்தோட அடர்த்தி, பேட்டரி பங்கும் இருக்கு, ஆனா ஆறின இன்ஜினும் ஆயிலும் முக்கியமான பங்கு. இதுக்காகவே டொயோட்டா 2004 ப்ரியஸ்ல சூடான கூலன்ட்ட ஒரு ஃபிளாஸ்க்ல பிடிச்சு வச்சு அடுத்த ஸ்டார்ட்டுக்கு இன்ஜினுக்குள்ள அனுப்பினான், 2009ல வந்த அடுத்த மாடல்ல அத விட்டுட்டு சைலன்சர் சூட்ட எடுத்து கூலன்ட்ட சூடாக்கற ஏற்பாடு பண்ணினான். தெர்மோஸ்டாட் இறுக்கமா மூடினா வார்ம்அப் சீக்கிரம் முடியும், கசிஞ்சா இழுத்துக்கிட்டே போகும். அதனால எனக்கு அதுல அடிச்சிருக்கற டிகிரிய விட அது முழுசா மூடுதாங்கறதுதான் முக்கியம்.

கூல்ரன்னர்:
மூடணும்ங்கறத நான் மறுக்கல, மாட்டிக்கிட்ட வால்வுக்கு நான் வக்கீல் இல்ல. டியூனிங் பண்ணின டர்போ வண்டிக்கு 71ங்கறதுல நான் நிக்கறேன். கூடவே ஃபேன் ஆன் ஆகற டிகிரியும் ஈசியூ மேப்பும் (டைமிங், பெட்ரோல் அளவெல்லாம் எழுதி வச்ச பட்டியல்) மாத்தணும், வெறும் தெர்மோஸ்டாட்ட மட்டும் மாத்தினா பலன் வராது.

ஸ்பேனர்செட்:
டியூனிங் வண்டிக்கு பண்ணிக்கோங்க, அது வேற திரி. கேட்டவரோடது சாதா பெட்ரோல் வண்டி, அதுக்கு கம்பெனி சொன்ன 82. 92ம் வேணாம், ஃபேன், டைமிங் எல்லாம் 82க்கு எழுதினது, வெயில்ல நாக்கிங் வந்து கூல்ரன்னர் சொன்ன டைமிங் இழுப்பு நிஜமாவே நடக்கும்.

நெடுஞ்சாலை07:
காலைல பாத்தேன், 45லயே ஹோஸ் சூடாயிடுச்சு. 82 ஆர்டர் போட்டாச்சு. நானே மாட்டலாம்னு இருக்கேன், கவனிக்க வேண்டியது என்ன? மாத்தின பிறகு மைலேஜ எப்படி ஒப்பிடறது?

டீசல்பிரியன்:
இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான் மூடிய திறக்கணும், சூடா இருக்கறப்ப திறந்தா கொதிக்கற கூலன்ட் முகத்துல அடிக்கும். ஸ்பிரிங் பக்கம் இன்ஜின பாத்து இருக்கணும். ஓரத்துல ஆடற சின்ன பின் இருந்தா அது மேல் பக்கம் வர்ற மாதிரி வைங்க, காத்து வெளியேறத்தான் அது. ரப்பர் சீல் புதுசு போடுங்க. கூலன்ட் ஊத்தி ஹீட்டர ஃபுல் ஹாட்ல வச்சு ஓடவிட்டு காத்த எடுங்க, காத்து நின்னா சென்சார் தப்பா காட்டும்.

வெப்பக்கணக்கு:
ஒரே பம்ப்ல, ஒரே நாசில்ல, முதல் கிளிக்ல நிறுத்துங்க. ஒரு டேங்க்க வச்சு முடிவு பண்ணாதீங்க, நிரப்பற அளவுல வர்ற வித்தியாசமே ரெண்டு மூணு சதவீதம் இருக்கும். அதே ரூட், அதே மாதிரி வானிலை, மூணு நாலு டேங்க் சராசரி எடுங்க. முதல்ல ஸ்கேனர்ல ஹைவே டெம்பரேச்சர் 82க்கு மேல நிக்குதான்னு பாத்து சொல்லுங்க, அது நிக்கலன்னா சென்சாரயும் பாக்கணும்.