அய்யர் கையெழுத்து, பொருளாளர் கையெழுத்து: சர்ச் கமிட்டி அனுபவங்கள்

முன்னாள் பொருளாளர்

கமிட்டியில் இருந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டுவிட்டு நான் எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது, அதனால் நானே தொடங்குகிறேன். ஊர் பேர், திருமண்டலம் (ஒரு பேராயருக்குக் கீழுள்ள பகுதி) பேர் வேண்டாம். தெற்கே ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது பெரிய கோயில் ஒன்று, சுற்றி ஐந்து சின்னச் சபைகள், அவ்வளவு போதும்.

நான் உள்ளே போனதே ஒரு அரிசிக் கணக்கில்தான். அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) எத்தனை மூட்டை வாங்கினீர்கள், எத்தனை மிச்சம் என்று கேட்டேன். "கேக்கத் தெரிஞ்சவரு உள்ள வந்து பாரும்" என்றார்கள். அடுத்த தேர்தலில் நின்றேன், ஜெயித்தேன், பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் தெரிந்தது, எங்கள் சேகரத்தில் செக் புத்தகம்தான் எல்லாம் என்று. சேகரத்து ஆயரை நாங்கள் அய்யர் என்போம். அந்த அய்யர் கையெழுத்தும் வேண்டும், பொருளாளர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் முறுக்கிக்கொண்டால் கோயிலுக்கு மெழுகுவர்த்திகூட வாங்க முடியாது.

இரண்டாம் வருஷம் கடை விவகாரம் வந்தது. பஸ் ஸ்டாப்பை ஒட்டிக் கோயில் இடம் கொஞ்சம் சும்மா கிடந்தது, அதில் நான்கு கடை கட்டி, கமிட்டியில் செல்வாக்கான ஒருவரின் மைத்துனருக்குக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்று தீர்மானம். அய்யர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். சி.எஸ்.ஐ. சொத்துகள் 1947-லேயே ஏற்படுத்திய டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கின்றன, நீங்களும் நானும் வாடகைக்காரர் மாதிரிதான், மேலே எழுதி அனுமதி வாங்குங்கள் என்றார். சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி. ஆனால் எங்களுக்கு அது ஆணவமாகத் தெரிந்தது. "அய்யர் ஜெபம் பண்ணட்டும், கணக்கு வழக்க நாங்க பாத்துக்கிடுதோம்" என்று ஒரு பெரியவர் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினோம்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். அவருடைய பயணப்படி செக்கில் இரண்டு மாதம் கையெழுத்துப் போடவில்லை. ரசீது இல்லை, நோட்டில் ஏறவில்லை என்று ஏதாவது சொல்வேன். அய்யர் குடியிருக்கும் குருமனையின் கரண்ட் பில்லும் அப்படியே நின்றது. ஒரு நாள் அய்யரம்மா பில்லை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்றே கையெழுத்துப் போட்டேன், ஆனாலும் அடுத்த வாரம் அய்யரை மாற்றக் கேட்டுப் போன மனுவில் என் பெயரும் இருந்தது.

பேராயரைப் பார்க்கப் பன்னிரண்டு பேர் ஒரு வேனில் போனோம். அவர் மனுவை முழுக்கப் படித்தார். "இதில் பிரசங்கத்தைப் பற்றி, வீடு சந்திப்பைப் பற்றி ஒரு குறையும் இல்லையே" என்றார். யாரும் பதில் பேசவில்லை. சரி, காரியம் நடக்காது என்றுதான் திரும்பினோம். ஆனால் அடுத்த டிரான்ஸ்பர் லிஸ்டில் அய்யர் பெயர் இருந்தது. திருமண்டலத்தின் பெருமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, எங்கள் சேகரத்துக்கு மூன்று ஓட்டு. எனக்குக் கணக்கு தெரியும், அதனால் அதற்கு மேல் எழுதவில்லை.

குருமனையில் வளர்ந்தவள்

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். எட்டாம் வகுப்புக்குள் ஐந்து பள்ளிக்கூடம் மாறினவள் நான். எங்கள் வீட்டில் அலமாரிக்குப் பதில் பெட்டிகள்தான், எப்போது வேண்டுமானாலும் லாரி வரலாம் என்று அம்மா பாதிச் சாமான்களைப் பிரிக்கவே மாட்டார்கள்.

ஆனால் அங்கி போட்டவர்கள் எல்லாம் பாவம், கமிட்டிக்காரர்கள் எல்லாம் பொல்லாதவர்கள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பணியில் இருக்கும் ஆயர்கள் பதவி வழியாகவே பெருமன்றத்தில் உட்காருகிறார்கள், சபையார்தான் தேர்தலில் நின்று வர வேண்டும். குருத்துவச் செயலர், லே செயலர் (சபையார் தரப்புச் செயலர்), பொருளாளர் என்று மேலே பதவிகளைப் பிரித்து வைத்திருந்தாலும், தேர்தல் நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அணி பேசினார்கள். டவுன் சேகரம் கிடைக்கும் என்று அப்பாவே ஒரு அணிக்கு ஓட்டுப் போட்டதை எனக்குக் காலேஜ் படிக்கும்போதுதான் சொன்னார். டவுன் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். ஒரு ஊரில் சேகரச் செயலராக ஒரு டீச்சர் இருந்தார்கள். ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்த இரவே, காணிக்கையாக வந்து ஏலம் போன கோழி முதற்கொண்டு கணக்கை எழுதி, காலையில் கோயில் கதவில் ஒட்டிவிடுவார்கள். அந்த மூன்று வருஷம் அப்பா இரவில் நன்றாகத் தூங்கினார்.

ஆர்.சி. பங்குக்காரன்

நான் கத்தோலிக்கன், இருந்தாலும் எழுதலாம்தானே. எங்கள் பங்குப் பேரவையில், அதாவது உங்கள் கோயில் கமிட்டி மாதிரியான ஒன்றில், ஆறு வருஷம் இருந்தேன். திருச்சபைச் சட்டம் 536-ன்படி பேரவை ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும், 537-ன்படி நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம், ஆனால் முடிவு ஃபாதருடையது. நாங்கள் பேசுவோம், ஃபாதர் கேட்டுக்கொள்வார், அப்புறம் அவர் நினைத்தது நடக்கும். கெபிக்கு (சொரூபம் வைக்கும் குகைக்கு) டைல்ஸ் கலர் என்ன என்பதில் மட்டும் ஒரு முறை ஜெயித்தோம். உங்கள் ஓட்டுச் சண்டையைப் பார்த்தால் பொறாமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

வட்டுக்கோட்டை

எங்கட பக்கம் நிலைமை வேற. யாழ்ப்பாணமும் தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளதான், திருமண்டலத்தை நாங்கள் ஆதீனம் எண்டு சொல்லுவம். 1816-ல வந்த அமெரிக்க மிஷன் சபைகளுக்குப் பேராயர் எண்ட ஒருத்தரே இல்லை, சபையாற்ற சொல்லுக்குத்தான் எடுப்பு. 1947-ல சபாபதி குலேந்திரன் முதல் பேராயரா வந்தபோது, இனி எங்கட கூட்டத்துக்கு மதிப்பிருக்குமோ எண்டு அம்மப்பாவின்ர ஆக்கள் யோசிச்சவையாம். யோசிக்க ஞாயம் இருந்தது. ஆங்கிலிக்கன் ஆக்களிட்ட பேராயர், மெதடிஸ்ட் ஆக்களிட்ட கான்பிரன்ஸ், எங்களிட்ட சபைக் கூட்டம், எல்லாத்தையும் சேர்க்கிற பேச்சு 1919-ல தரங்கம்பாடியில தொடங்கி 28 வருசம் இழுபட்டது சும்மாவே?

நான் கண்ட ஒண்டு. 1995 இடப்பெயர்வில போதகர் நடக்கேலாத சனத்தோட நிண்டிட்டார். ஞானஸ்நானப் பதிவேட்டையும் கலியாணப் பதிவேட்டையும் கமிட்டிச் செயலாளரான என்ர மாமா சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார். திரும்பி வந்து கையில குடுக்கேக்க போதகர் ஒண்டும் சொல்லேல்லை, பக்கத்தைப் பிரட்டி நனைஞ்சிருக்கோ எண்டு மட்டும் பாத்தவர்.

முன்னாள் பொருளாளர்

தங்கச்சி எழுதியதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அடுத்த முறை நான் டி.சி. மெம்பர், அதாவது பெருமன்ற உறுப்பினர் ஆனேன். பெருமன்றம் கூடினால் பேராயர் தலைமை, முன்வரிசையில் ஆயர்கள், பின்னால் நாங்கள். புதுப் பேராயருக்கான பெயர்ப் பட்டியலை இந்த மன்றம்தான் ஓட்டுப் போட்டு அனுப்புகிறது, அதிலிருந்து ஒருவரைச் சினோட் (எல்லாத் திருமண்டலங்களுக்கும் மேலான மன்றம்) தரப்பு தேர்ந்தெடுக்கிறது. அரசியல் சாசனத் திருத்தம் என்றாலும் சினோட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் போதாது, திருமண்டலங்களிலும் மூன்றில் இரண்டு பங்கு ஒத்துக்கொள்ள வேண்டும். பேராயரின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்கும் திருத்தம் எங்கள் மன்றத்துக்கும் வந்தது. அந்த விவகாரம் கோர்ட் படி ஏறியது எல்லாருக்கும் தெரியும். என்னைக் கேட்டால், இப்படித் திருமண்டலம் திருமண்டலமாகக் கேட்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், கேட்கப்படுகிறவர்கள் காகிதத்தைப் படித்துவிட்டுக் கை தூக்கினால். அன்றைக்குப் பாதிப் பேர் காபி எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அய்யரும் வந்திருந்தார். மலையடிவாரத்தில் ஏதோ ஒரு சேகரம். கை தூக்கச் சொன்னபோது திரும்பிப் பார்த்தார், என் கை கீழேதான் இருந்தது, அவர் கையும் கீழேதான். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தட்டை எடுத்து என்னிடம் நீட்டி, "அந்தக் கடை கட்டியாச்சா?" என்றார்.

இல்லை அய்யரே, மேலே எழுதிப் போட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை என்றேன். சிரித்துவிட்டார்.